‘வசிப்பிடம்’ என்ற ஒரு சொல்: அமெரிக்காவின் ஆவணமற்ற மாணவர்களும் கல்லூரிக் கட்டணமும்

டெக்சாஸ் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணத்தைப் பெறுவதற்கென்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் உறுதிமொழிப் படிவம் புழக்கத்தில் இருந்தது. பள்ளிப் படிப்பை இந்த மாநிலத்தில்தான் முடித்தேன், முடிப்பதற்கு முந்தைய 36 மாதங்களும் இங்கேயே குடியிருந்தேன், கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய 12 மாதங்களும் இங்கேதான் இருந்தேன் என்று மாணவர் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி வரி வேறு வகையானது. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி எனக்கு என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்கே விண்ணப்பிப்பேன் என்று அது வாக்குறுதி கேட்டது. நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, முத்திரை பெற்று, கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். சட்டப்படியான குடியேற்ற ஆவணம் இல்லாத இந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகுதி கிடைக்கும் வழி குடியேற்றச் சட்டத்தில் எங்குமே இல்லை என்பது கையெழுத்திட்ட பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும், படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்த அலுவலருக்கும் தெரியும்.

2025 ஜூன் 4 அன்று அந்தப் படிவம் ஒரே நாளில் செல்லாக்காசானது. அது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. ஆவணமற்ற மாணவரைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசின் சட்டம் எதுவும் சொல்வதில்லை. அவர்களை வாசலில் நிறுத்துவது பெரும்பாலும் கட்டணம்தான். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்மாநில மாணவர் ஓராண்டுக்கு ஏறத்தாழ 11,000 டாலர் கட்டுகிறார். வெளிமாநிலத்தவர் 40,000 டாலருக்கும் மேல் கட்டுகிறார். ஏழைக் குடும்பத்துக் குடிமக்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியம் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். ஆவணமற்றவருக்கு அதில் ஒரு சதம்கூடக் கிடையாது, மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது. கட்டட வேலையும் வீட்டு வேலையும் செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு, முதல் தொகைக்கும் இரண்டாம் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் கல்லூரி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. உயர்கல்வியில் இருக்கும் ஆவணமற்ற மாணவர்கள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்றும், ஆண்டுதோறும் பள்ளி முடித்து வெளியே வருவோர் 1 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்றும் மதிப்பீடுகள் உள்ளன.

பள்ளிக்கூடம் வரை இந்தச் சிக்கல் இல்லாமல் போனதற்கும் டெக்சாஸ்தான் காரணம். சட்டப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்படாத பிள்ளைகளின் படிப்புக்கு மாநில நிதியைத் தர வேண்டாம் என்று 1975-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அதைப் பின்பற்றி டைலர் நகரப் பள்ளி மாவட்டம் 1977-இல் தலைக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1982 ஜூன் 15 அன்று ‘பிளைலர் எதிர் டோ’ என்ற பெயரில் தீர்ப்பானது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன், பெற்றோரின் செயலுக்குப் பிள்ளைகளைத் தண்டிப்பது நியாயமாகாது என்றும், நாட்டுக்குள்ளேயே எழுத்தறிவற்ற ஓர் அடித்தட்டை நிரந்தரமாக உருவாக்குவது யாருக்கும் பயன் தராது என்றும் வாதிட்டார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கரும்கூட, பிள்ளைகளுக்குப் படிப்பை மறுப்பது அறிவீனம் என்பதை ஒப்புக்கொண்டார். அந்த அறிவீனத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலையன்று என்பதே அவருடைய நிலை.

அந்தத் தீர்ப்பின் எல்லை பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. கல்வி அடிப்படை உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எப்போதும் சொன்னதில்லை. 1973-இல் வேறொரு டெக்சாஸ் வழக்கில் அப்படி இல்லை என்றே சொல்லியிருந்தது. ஆகவே பிளைலர் தீர்ப்பு பள்ளிப்பிள்ளைகளின் நிலையைச் சுற்றியே நெய்யப்பட்டது, கல்லூரிக்கு நீளவில்லை. ஐந்து வயதில் மழலையர் வகுப்பில் சேர்ந்து, கொடிவணக்கம் செய்து, கூடைப்பந்து ஆடி வளர்ந்த பிள்ளை, வகுப்பறை நண்பர்களிடமிருந்து தான் வேறுபட்டவர் என்பதைப் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதில்தான் முதல்முறையாக உணர்கிறார். ஓட்டுநர் உரிமத்துக்கோ கல்லூரி உதவித்தொகைக்கோ படிவம் நிரப்ப உட்காரும்போது, ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும் கட்டத்தில் கை நின்றுவிடுகிறது. வீட்டில் கேட்டால் அப்போதுதான் அம்மா உண்மையைச் சொல்கிறார்.

1996-இல் கிளிண்டன் ஆட்சியில் வந்த குடியேற்றச் சீர்திருத்தச் சட்டத்தின் 505-ஆம் பிரிவே இந்த விவகாரத்தின் அச்சாணி. சட்டப்படி நாட்டில் இல்லாத ஒருவருக்கு, ஒரு மாநிலத்தில் வசிப்பதை அடிப்படையாகக் கொண்டு உயர்கல்விச் சலுகை எதையும் தரக் கூடாது என்கிறது அது. உடனே ஒரு விலக்கையும் சேர்க்கிறது: அதே சலுகை, எந்த மாநிலத்தில் வசித்தாலும், எல்லா அமெரிக்கக் குடிமக்களுக்கும் அதே அளவில் கிடைக்குமானால் தரலாம். அதே ஆண்டில் வந்த நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டமோ, மாநில அரசின் பொதுச் சலுகைகளை ஆவணமற்றவர்களுக்குத் தர விரும்பும் மாநிலம், 1996 ஆகஸ்ட் 22-க்குப் பிறகு அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றித் தரலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தது. ஒரு சட்டம் பூட்டுகிறது, இன்னொன்று சாவியை மாநிலத்தின் கையில் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கடந்த கால் நூற்றாண்டின் மாநிலச் சட்டங்கள் எல்லாம் எழுதப்பட்டன.

அவற்றில் முதலாவது டெக்சாஸ் சட்டம். ஹூஸ்டனைச் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரிக் நோரியேகாவிடம், விமானப் பழுதுபார்ப்புப் படிக்க ஆசைப்பட்ட ஓர் இளைஞர், உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் தன்னிடம் வெளிமாநிலக் கட்டணம் கேட்கிறார்கள் என்று சொன்னதிலிருந்து அந்த மசோதா பிறந்தது. 2001-இல் இரு கட்சியினரும் பெருவாரியாக ஆதரிக்க, குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெரி கையெழுத்திட்டார். பத்தாண்டு கழித்து அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியபோது அந்தக் கையெழுத்தே அவருக்குப் பெரும் சுமையானது. இந்தச் சலுகையை எதிர்ப்பவர்களுக்கு இதயமில்லை என்று விவாத மேடையில் சொல்லி, சொந்தக் கட்சியினரின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து, அதே 2001-இல், கலிஃபோர்னியா தன் சட்டத்தை நிறைவேற்றியது. நியூயார்க், யூட்டா, வாஷிங்டன், இல்லினாய், கான்சஸ், நியூ மெக்சிகோ எனப் பட்டியல் நீண்டது.

பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றும் டெக்சாஸ், கலிஃபோர்னியாச் சட்டங்களை வரி வரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இன்றைய நிலை விளங்கும். கலிஃபோர்னியாவின் ஏபி 540 சட்டம் மாணவர் எங்கே வசிக்கிறார் என்று கேட்கவே இல்லை. மூன்று ஆண்டுகள் கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளியில் படித்தாரா, அங்கே தேர்ச்சி பெற்றாரா என்று மட்டுமே கேட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் பள்ளி முடித்த பிறகு குடும்பத்தோடு நெவாடாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் அமெரிக்கக் குடிமகன் திரும்பி வந்து படித்தாலும் அவருக்கும் வெளிமாநிலக் கட்டணம் கிடையாது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இச்சலுகையால் பயன் பெற்றவர்களில் பெரும்பகுதியினர் குடிமக்களும் முறையான ஆவணம் உடையவர்களுமே என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. வெளிமாநில மாணவர்கள் தொடுத்த வழக்கில் 2010 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பள்ளியில் படித்ததும் மாநிலத்தில் வசிப்பதும் ஒன்றல்ல என்று சொல்லிச் சட்டத்தை ஏற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது.

டெக்சாஸ் சட்டம் அந்தச் சாமர்த்தியத்தோடு எழுதப்படவில்லை. பள்ளித் தேர்ச்சியோடு, தொடர்ந்து மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்று அதன் வாசகமே ‘வசிப்பிடம்’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டது. அந்த மாணவரை மாநிலவாசியாகவே வகைப்படுத்தியது. 505-ஆம் பிரிவு எந்தச் சொல்லைக் குறிவைத்து எழுதப்பட்டதோ அதே சொல். இருபத்துநான்கு ஆண்டுகள் அது தாக்குப்பிடித்ததற்குக் காரணம் சட்டத்தின் வலிமை என்று சொல்ல முடியாது. வழக்குத் தொடுக்கத் தகுதி உடையவர் யார் என்ற கேள்வியே பல வழக்குகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. கான்சஸ் சட்டத்தை எதிர்த்த வெளிமாநில மாணவர்களுக்கு, உங்களுக்கு இதனால் நேரடிப் பாதிப்பு இல்லை என்று 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அரசே வழக்குத் தொடுத்தால் அந்தத் தடை இருக்காது. அதற்கான அரசியல் விருப்பம்தான் அதுவரை எழவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவின் குடிமகன் நான்கு மடங்கு கட்டணம் கட்ட, சட்டப்படி நாட்டில் இருக்க முடியாதவர் குறைந்த கட்டணம் கட்டுவது எப்படி நியாயம் என்று கேட்கிறார்கள். வரி கட்டுவோரின் பணம் இது என்கிறார்கள். ஆனால் உள்மாநிலக் கட்டணம் என்ற ஏற்பாடே, மாநிலத்துக்கு வரி கட்டும் குடும்பத்தின் பிள்ளைக்கான கைம்மாறு என்ற அடிப்படையில் நிற்பது. ஆவணமற்றவர்கள் கடையில் விற்பனை வரியையும், வாடகை வழியாகச் சொத்து வரியையும் கட்டுகிறார்கள். 2022-இல் அவர்கள் கட்டிய மொத்த வரி 9,670 கோடி டாலர் என்று வரி, பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. ஓக்லஹோமாக் குடும்பம் டெக்சாஸுக்கு வரி கட்டுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிச் செலவை ஏற்ற பிறகு, பயன் தரும் கட்டத்தில் கையை இழுத்துக்கொள்வது கணக்குப்படியும் சரியாக இல்லை என்பதே இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

சலுகை தராததோடு நிற்காமல், சேர்க்கையையே தடுத்த மாநிலங்களும் உண்டு. தென் கரோலினா 2008-இல் எல்லா அரசுக் கல்லூரிகளையும் ஆவணமற்றவர்களுக்கு மூடியது. அலபாமா 2011-இல் அதே வழியில் சென்றது. ஜார்ஜியாவில் சட்டம்கூட வேண்டியிருக்கவில்லை. 2010-இல் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவே, தகுதியுள்ள விண்ணப்பதாரர் அனைவருக்கும் இடம் தர முடியாத கல்லூரிகளில் இவர்களைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. ஏதென்ஸில் உள்ள ஜார்ஜியாப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் அந்தப் பட்டியலில் வந்தன. அடுத்த ஆண்டே அதே ஏதென்ஸ் நகரில் பேராசிரியர்கள் சிலர் வார இறுதியில் இலவசமாகப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். ‘ஃப்ரீடம் யூனிவர்சிட்டி’ என்று பெயரிடப்பட்ட அந்த அமைப்பு பட்டம் தர முடியாது; வெளியில் உள்ள தனியார் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க மாணவர்களைத் தயார் செய்கிறது. அரிசோனாவின் பயணம் எதிர்த்திசையில் அமைந்தது. 2006-இல் 71 சதவீத வாக்காளர்கள் உள்மாநிலக் கட்டணத்தை மறுத்த மாநிலம், 2022 நவம்பரில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் அதைத் திரும்பத் தந்தது.

2012 ஜூன் 15 அன்று, பிளைலர் தீர்ப்பின் முப்பதாம் ஆண்டு நிறைவு நாளில், அதிபர் ஒபாமா அறிவித்த டாகா திட்டம், சிறுவயதில் நாட்டுக்குள் வந்த ஆவணமற்றவர்களுக்கு நாடுகடத்தலிலிருந்து இரண்டிரண்டு ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் தந்தது. இரு கட்சி உறுப்பினர்களான டிக் டர்பினும் ஆரின் ஹேட்சும் ஆவணமற்ற இளையோருக்குச் சட்டப்படியான நிலை தருவதற்காக 2001-இல் கொண்டுவந்த ட்ரீம் மசோதா, 2010 டிசம்பரில் செனட்டில் 60 வாக்கு தேவைப்பட்ட இடத்தில் 55 மட்டுமே பெற்று விழுந்த பிறகு வந்த மாற்று ஏற்பாடு அது. அதன் நிபந்தனைகளில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். அந்தத் தேதி இன்றுவரை நகரவே இல்லை. 2025-இல் பதினெட்டு வயதைத் தொட்ட மாணவர் இதற்குத் தகுதி பெற வேண்டுமானால் கைக்குழந்தையாக எல்லை கடந்திருக்க வேண்டும். போதாததற்கு 2021-இல் டெக்சாஸ் நீதிபதி ஆண்ட்ரூ ஹேனன் அளித்த தீர்ப்புக்குப் பிறகு புதிய விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படாமல் கிடக்கின்றன. இன்று பள்ளி முடிக்கும் தலைமுறையில் டாகா உள்ளவரைக் காண்பதே அரிது.

ஆவணமற்றவர்களின் பிரச்சினை அவர்களோடு நிற்பதுமில்லை. அமெரிக்காவில் பிறந்து குடிமக்களாக இருக்கும் அவர்களுடைய தம்பி தங்கைகளுக்குப் பெல் மானியம் பெற முழு உரிமை உண்டு. அதற்கான ஃபாஃப்சா படிவத்தில் பெற்றோரும் கணக்குத் தொடங்கி வருமான விவரம் தர வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் புதுப்பிக்கப்பட்ட படிவம் வெளியானபோது, சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பகுதி வேலையே செய்யவில்லை. நிரப்பிய பக்கம் அனுப்ப மறுத்து நின்றது. அந்தப் பழுதைச் சரிசெய்ய மார்ச் வரை ஆனது. அதற்குள் பல மாநிலங்களில் உதவித்தொகைக் காலக்கெடு நெருங்கிவிட்டது. இப்போது பழுது இல்லை, அதைவிடப் பெரிய தயக்கம் இருக்கிறது: அப்பாவின் முகவரியை மத்திய அரசின் கணினியில் பதிவதா என்ற கேள்வி. ஃபாஃப்சாவை நிரப்ப முடியாத மாணவர்களுக்காகக் கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் வாஷிங்டனும் மாநில உதவிக்கென்று தனிப் படிவங்களை வைத்திருந்தன.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு கிளைக்கதை இருக்கிறது. ஹெச்-1பி விசாவில் டல்லஸுக்கோ சான் ஹோசேவுக்கோ சென்ற பெற்றோரோடு இரண்டு, மூன்று வயதில் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவில் போன பிள்ளைகள் ஆவணமற்றவர்கள் அல்லர். ஆனால் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. பிள்ளைக்கு 21 வயது முடிந்ததும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து அவர் பெயர் விழுந்துவிடுகிறது. கல்லூரியின் நடு ஆண்டில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், பள்ளி நாள் முதல் வளர்ந்த ஊரிலேயே அயல்நாட்டு மாணவர் என்ற கணக்கில் கட்டணம் கட்ட நேரிடலாம். இத்தகையோர் இரண்டரை லட்சம் பேர் என்கிறது இவர்களுக்காகப் பேசும் அமைப்பின் மதிப்பீடு. இவர்களுக்கு டாகாவும் கிடையாது. அறிவிப்பு வந்த நாளில் சட்டப்படியான நிலை இல்லாதவராக இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒழுங்காக வரிசையில் நின்றவரின் பிள்ளைக்கு, வரிசையில் நின்றதே தகுதிக் குறைவாகிவிட்டது.

பட்டம் பெற்ற பிறகு என்ன என்ற கேள்வி இன்னும் கடினமானது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வேலை அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தில் மாநில அரசுகள் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை, ஆகவே மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களை ஆய்வக உதவியாளராக வைத்துக்கொள்ளலாம் என்று கலிஃபோர்னியாச் சட்ட அறிஞர்கள் ஒரு வாதத்தை முன்வைத்தார்கள். பல்கலைக்கழக ஆட்சிக்குழு 2024 ஜனவரியில் அதைக் கிடப்பில் போட்டது. அதே நோக்கத்தோடு வந்த மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் அந்த ஆண்டு செப்டம்பரில் நிராகரித்தார்.

2025-இல் எல்லாம் வேகம் பிடித்தது. ஃபுளோரிடா தன் 2014-ஆம் ஆண்டுச் சலுகையை பிப்ரவரியில் நீக்கி, ஜூலை முதல் அமலாக்கியது. அந்தச் சலுகையை 2014-இல் சட்டமன்றத்தில் முன்னின்று கொண்டுவந்த ஜெனெட் நூன்யெஸ், துணை ஆளுநராக இருந்து அதை நீக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் ஒருவர். டெக்சாஸில் சலுகையை நீக்கும் மசோதா வாக்கெடுப்புக்கே வராமல், ஜூன் 2 அன்று சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்தது. இரண்டு நாள் கழித்து மத்திய அரசின் அமைச்சகமான அமெரிக்க நீதித்துறை டெக்சாஸ் மீது வழக்குத் தொடுத்தது. மாநிலத்தின் சட்டத்தைக் காக்கக் கடமைப்பட்ட தலைமை வழக்கறிஞர் கென் பேக்ஸ்டன் எதிர்வாதம் செய்யாமல் ஒப்புக்கொண்டார். நீதிபதி ரீட் ஓ’கானர் அன்றைக்கே இரு தரப்பின் இசைவோடு நிரந்தரத் தடை விதித்தார். வாதியும் பிரதிவாதியும் ஒரே பக்கம் நின்ற வழக்கில் மாணவர் தரப்பு பேச இடமே இருக்கவில்லை. சட்டமன்றம் செய்யாததைச் சில மணிநேரத்தில் நீதிமன்ற அறை செய்து முடித்தது. தொடர்ந்து கென்டக்கி, மினசோட்டா, ஓக்லஹோமா, இல்லினாய் மீதும் வழக்குகள் வந்தன. ஓக்லஹோமாவும் எதிர்க்கவில்லை. பள்ளிப் படிப்பை அளவுகோலாக வைத்த சட்டங்களுக்கும் வசிப்பிடத்தைச் சொன்ன சட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நீதித்துறை ஏற்பதில்லை. முன்னது பின்னதன் மாறுவேடம் என்பது அதன் நிலை.

டெக்சாஸ் கல்லூரிகளுக்கு, சட்டப்படி நாட்டில் இல்லாத மாணவர்களைக் கண்டறிந்து 2025 இலையுதிர்காலப் பருவம் முதல் வெளிமாநிலக் கட்டணம் விதிக்கும்படி மாநில உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியம் ஜூனில் கடிதம் அனுப்பியது. ‘சட்டப்படி நாட்டில் இருப்பவர்’ யார் என்று அக்கடிதம் விளக்கவில்லை. டாகா உள்ளவர் அதில் அடங்குவாரா, புகலிட விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர் அடங்குவாரா என்பதை அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகமே முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் ஆண்டை முடித்து நான்காம் ஆண்டுக்குப் பதிவு செய்யக் காத்திருந்த மாணவர்களின் கோப்புகளில், நோட்டரி முத்திரையிட்ட பழைய உறுதிமொழிப் படிவம் அப்படியே இருந்தது.